ஸ்கேகன் முனையில் ஒரு முழுக்கு

விமானம் மேகத்தை விட்டு இறங்கியதும் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைக் காட்டி, "மலை எதுவும் கிடையாது, மன்னிக்க வேண்டும்" என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் காபித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவரின் குரல். நான் டெக்சஸில் பிளானோவிலிருந்து வருகிறேன், எங்கள் ஊரில் மேடு என்றால் டோல்வே என்ற சுங்கச்சாலையின் மேம்பாலம்தான் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. கீழே டென்மார்க், அவசரத்தில் இஸ்திரி போட்ட துணி மாதிரி, அங்கங்கே போகாத சுருக்கங்களோடு கிடந்தது. பச்சைக்கு நடுவே கடுகுப் பூ நிறத்தில் சதுரம் சதுரமாக வயல்கள்.

1997, மே மாதம். ஆல்போர்க் என்ற வடக்கத்தி ஊரில் செல்போன் மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றை எங்கள் கம்பெனி வாங்கியிருந்தது. இரண்டு தரப்பு மென்பொருளையும் பொருத்திப் பார்க்க மூன்று வாரம் ஒருவர் போக வேண்டும். குடும்பஸ்தர்கள் தயங்கினார்கள். நானும் குடும்பஸ்தன்தான், ஆனால் என் குடும்பம் நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்தது. எங்கள் கிரீன் கார்டு என் மனைவி வசந்தியின் கம்பெனி வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் அவள் அங்கிருந்து அசைய முடியாது. எனக்கு வேலை டெக்சஸில். ஒரு வருஷத்துக்கு என்று தொடங்கிய ஏற்பாடு அப்போது மூன்றாவது வருஷத்தில் இருந்தது. நம்மவர்களில் இப்படி இரண்டு மாநிலத்தில் இரண்டு குக்கர் வைத்துச் சமைக்கும் குடும்பங்கள் அன்று ஏராளம்.

என் மகள் மீராவுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. நான் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவள் பேச்சைப் பெரும்பாலும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அந்த வசந்தகாலத்தில் அவள் வகுப்பில் ஆளுக்கொரு நாடு கொடுத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் மீராவுக்கு டென்மார்க், அவள் தோழி ப்ரியாவுக்குப் பிரேசில். நாட்டைப் பற்றி எழுத வேண்டும். கூடவே மைதா மாவும் உப்பும் பிசைந்து அட்டை மேல் மலை, பள்ளத்தாக்கு, ஆறு எல்லாம் எழுப்பி வரைபடம் செய்து வர்ணம் பூச வேண்டும். அமெரிக்காவில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த உப்புமாவின் வாசனை தெரியும்.

"இதுல எழுப்ப என்ன இருக்கு? சப்பாத்தி மாதிரி தேய்ச்சு வெச்சா முடிஞ்சது. ப்ரியாவுக்கு ஆண்டிஸ் மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கு" என்றாள் மீரா போனில். பிரேசிலில் ஆண்டிஸ் கிடையாது என்று நான் திருத்தினேன். "ஓகே, டாட்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு மீரா பிளானோவில் என்னிடம் வருவதா, ப்ரியாவோடு பென்சில்வேனியாவில் சம்மர் கேம்ப் போவதா என்பது அப்போது முடிவாகவில்லை. வரைபடம் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமையேதான் கேம்புக்குப் பெயர் கொடுக்கவும் கடைசி நாள். "அவ இஷ்டங்க. நான் நடுவுல வரமாட்டேன்" என்று வசந்தி ஒதுங்கிக்கொண்டாள். என் அபார்ட்மெண்டின் இரண்டாவது அறையில் மீராவுக்கென்று வாங்கிப் போட்ட கட்டிலில் நான் சலவைத்துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய நாட்டுக்கே நேரில் போகிறேன், தினமும் போனில் அந்த நிலத்தைச் சொல்கிறேன், கேட்டுக் கேட்டு என்னோடு பேசப் பழகிவிடுவாள், கோடைக்கு வந்துவிடுவாள். டென்மார்க் போகிறேன் என்று கை தூக்கியபோது என் மனதில் இருந்த திட்டம் இதுதான்.

முதல் வாரம் அலுவலகத்திலேயே கழிந்தது. டேனிஷ்காரர்கள் நாலு மணிக்கு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். டெக்சஸ் பழக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். துப்புரவுக்கு வரும் பெண்மணி என்னைச் சுற்றித் தரையைத் துடைப்பார். வெளியே வந்தால் தெருவில் ஈ காக்கை இருக்காது, வானம் மட்டும் மத்தியானம் போல வெளுத்துக் கிடக்கும். இரண்டாம் நாள் சைக்கிள் பாதையில் தெரியாமல் நின்று ஒரு பாட்டியிடம் மணியடி வாங்கினேன். சாப்பாட்டில் மீன் கிடைத்தது, ஆனால் சர்க்கரை போட்ட வினிகரில் ஊறிய மீன். நாகர்கோவில்காரன் மீனில் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், சர்க்கரையைப் பொறுக்க மாட்டான். கம்பு தோசையைக் காயவைத்து அறுத்தது போல ஒரு கறுப்பு ரொட்டி தருவார்கள். பிளானோவிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயை அதன் மேல் தடவித்தான் என் இரவுகள் ஓடின.

எடிசனில் பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்துத் தினமும் கூப்பிட்டேன். பனியுகத்தைப் பற்றிச் சொன்னேன். பனிப்பாறை எப்படி நிலத்தை உழுதது, உருகியபோது களிமண்ணையும் கல்லையும் எப்படிக் குவித்துவிட்டுப் போனது என்று சொன்னேன். மறுமுனையில் டெலிவிஷன் சத்தம்.

"மீரா, கேக்கறியா?"

"யா."

"எழுதிக்கறியா?"

"இதெல்லாம் என்சைக்ளோபீடியால இருக்கு, டாட்."

பிறகு வசந்தி வந்தாள். "ஏங்க, அவளுக்கு ஸ்கூல்லயே ஒரு டீச்சர் இருக்காங்க. நீங்க போய் இன்னொரு டீச்சரா? சும்மா பேசுங்களேன்."

"சும்மான்னா என்ன பேசறது?"

"அது சரி" என்றாள் வசந்தி. அவளுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு, என்னோடு வேலை செய்யும் ஓலே தன் காரில் தெற்கே கூட்டிப்போனார். ஐம்பது வயது, சிவந்த கழுத்து, சிரிக்காமல் கேலி செய்கிறவர். வழியில் ஒரு வயல் ஓரம் நிறுத்தி, "இதோ, பனி இங்கேதான் நின்றது" என்றார், போன வாரம் நின்ற பஸ்ஸைச் சொல்வது போல. பார்த்தேன். கிழக்கே மேடும் பள்ளமும் ஏரிகளுமாக நிலம் புரண்டு படுத்திருந்தது. மேற்கே, உருகிய தண்ணீர் அரித்துக்கொண்டுபோன மணல்வெளி, பலகையாகக் கடல் வரைக்கும். பனி வராத பக்கம் ஏழை மண், வந்த பக்கம் நல்ல மண் என்றார் ஓலே. வயலின் மூலையில் உழவுக்கு இடைஞ்சலான உருண்டைக் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். "இதில் பாதி நார்வே, பாதி சுவீடன். எங்கள் நாடே வெளியூர்ச் சரக்கு. யாரும் விசா கேட்கவில்லை."

"இப்போது கேட்கிறார்கள்" என்றேன்.

"ஆமாம், இப்போது மண் நிரம்பிவிட்டது."

அங்கிருந்து 'வானமலை' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் குன்றுக்குப் போனோம். நூற்றைம்பது மீட்டரை எட்டாது. கார் நிறுத்தியே முக்கால்வாசி உயரத்தில். அங்கிருந்து நடந்தால் உச்சியில் ஒரு செங்கல் கோபுரம், ஐஸ்கிரீம் கடை, கீழே நீளமான ஏரி. ஓலே என் முதுகில் தட்டி, "ஆக்சிஜன் வேண்டுமா?" என்றார். ஒரு காலத்தில் நாட்டிலேயே இதுதான் உயரம் என்று நம்பியிருந்தார்களாம். பிறகு அளந்து பார்த்ததில் தெற்கே வேறு இரண்டு மேடுகள் முந்திவிட்டன. அந்த இரண்டில் எது உயரம் என்பதில் தகராறு. ஒன்றின் உச்சியில் ஆதிகால மனிதர்கள் பிணத்தைப் புதைத்து எழுப்பிய மண்மேடு இருக்கிறது. அதைச் சேர்த்து அளந்தால் அது பெரியது, கழித்தால் மற்றது. செத்தவன் கணக்கில் வருவானா மாட்டானா என்று ஒரு தேசம் விவாதித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குப் போனில் இந்தத் தகராறைச் சொன்னேன். "வியர்ட்" என்றாள் மீரா. அந்த வாரத்தில் நான் சொன்ன கதைக்கு 'ஓகே'யும் 'ஃபைனு'ம் இல்லாமல் வந்த ஒரே பதில்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, நான் எதுவும் சொல்லத் தொடங்குமுன் அவளே கேட்டாள். "டாட், மேலே ஒரு முனை இருக்குல்ல, ரெண்டு கடல் சேர்ற இடம். அங்க நடுவுல கோடு தெரியுமா?"

"என்ன கோடு?"

"ரெண்டு கடலுக்கும் நடுவுல. புக்ல தெரியும்னு போட்டிருக்கு. போட்டோ இல்ல. எனக்கு ரெண்டு ப்ளூ வேணும். கோடு ஸ்ட்ரெய்ட்டா, எப்படின்னு தெரியணும். நிஜமாவே தெரியுமா, சும்மா சொல்றாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூப்பிடுகிறேன் என்றேன். அதுவரை வர்ணம் பூசாமல் காத்திருப்பதாகச் சொன்னாள். கோடைக்கு வருவாயா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன்.

மீரா கேட்ட முனை ஸ்கேகனில், நாட்டின் வட நுனியில் இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஒன்று போகிறது. நடுவில் இறங்கி, காற்றில் ஆண்டுதோறும் நகரும் பெரிய மணல்மேட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். அந்தச் சிறு நிலையத்தில் பொத்தானை அழுத்திக் கேட்டால்தான் ரயில் நிற்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே மரியாதையாக நின்றேன். நிலையம் வந்தது, போனது. மரங்களுக்கு மேலே வெளிறிய முதுகு ஒன்று கொஞ்ச நேரம் கூடவே வந்து மறைந்தது. அதுதான் என்று எதிரில் இருந்த பெரியவர் சொன்னார். "கவலைப்படாதே, அதுவே நகர்ந்து ஊருக்கு வரும்."

ஊருக்கு வெளியே மணல் விழுங்கிய தேவாலயத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோபுரம் மட்டும் மணலுக்கு மேல் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, பூசைக்கு வருகிறவர்கள் கதவு வரைக்கும் தோண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. வாரா வாரம் மண்வெட்டியோடு வந்திருக்கிறார்கள். கடைசியில் 1795இல் அரசரிடம் அனுமதி வாங்கிக் கைவிட்டார்கள். சுற்றிவந்தேன். யாருமே இல்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் ஓடியது.

முனைக்குப் போக, டிராக்டர் இழுக்கும் ஒரு பெட்டி வண்டி உண்டு. 'மணல்புழு' என்று பெயர். உள்ளே ஒரு ஜெர்மன் குடும்பம், நாயோடு ஒரு பெண்மணி, நான். இறங்கியதும் பலகை ஒன்றில், நீந்தும் மனிதன் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. படித்தேன். அதைப் படிக்கவில்லை என்று பிறகு யாரும் என்னைச் சொல்ல முடியாது.

நிலம் அங்கே ஒரு விரல் போலக் குறுகிக்கொண்டே போய் நீருக்குள் மறைகிறது. இடப்பக்கத்திலிருந்து ஓர் அலை, வலப்பக்கத்திலிருந்து ஓர் அலை. இரண்டும் நேருக்கு நேர் வந்து கைதட்டுவது போல மோதி, நுரை மேலே எகிறுகிறது. அந்த நுரைதான் கோடு. தூரத்தில் கடலுக்குள் வளைந்து வளைந்து, யாரோ ஜிப் போட்டுக்கொண்டே போவது மாதிரி. கன்னியாகுமரியில் மூன்று கடல் என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள், கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். இங்கே சொல்லவே வேண்டாம். மீராவிடம் சொல்ல வாக்கியங்களை அடுக்கிக்கொண்டேன்.

ஜெர்மன் குடும்பம் ஆளுக்கொரு காலை ஒவ்வொரு கடலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. நானும் பேண்ட்டை மடித்துவிட்டு நின்றேன். கடல் கூடுமிடத்துக்கு வந்து கால் மட்டும் நனைத்துவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. தலை நனைய வேண்டும். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் சட்டையைக் கழற்றிவிட்டது. பலகையில் நீந்தக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. நான் நீந்தப் போகவில்லை. முழுக்குப் போடப் போகிறேன். இரண்டும் வேறு.

முழங்கால் தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர் மண்டையில் ஆணி அடித்தது. எழுந்து இரண்டாவது முறை உட்கார்ந்தபோது காலடியில் மணல் இல்லை. ஒரு பக்கத்து அலை என்னைத் தள்ளியது, மறுபக்கத்து அலை பிடித்து இழுத்தது. வாயில் உப்பு. எது மேல் எது கீழ் என்று தெரியாமல் உருண்டேன். பிறகு என் கையை யாரோ தோளோடு பிடுங்குகிற மாதிரி பற்றி இழுத்தார்கள். காதருகே நாய் குரைத்தது.

நாய்க்கார அம்மாள்தான். அறுபது வயதிருக்கும், இடுப்பு வரை நனைந்திருந்தார். டேனிஷில் திட்டினார், பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, முதலிலிருந்து திட்டினார். "பலகை இருக்கிறதே! கண் தெரியவில்லையா?"

அப்போதுதான் கவனித்தேன், தெரியவில்லை. கண்ணாடி போய்விட்டது. அது இல்லாமல் எனக்கு எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே ஊகம். "நான் நீந்தவில்லை, அம்மா" என்றேன். "எங்கள் நாட்டில் கடல் சேருமிடத்தில் தலை முழுகுவது வழக்கம்."

"இங்கே கடல் சேருமிடத்தில் செத்துப்போவது வழக்கம்" என்றார்.

நாயின் துண்டை எடுத்துக் கொடுத்தார். துவட்டினேன். குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கையில் திணித்தார். பற்கள் கோப்பையில் தாளம் போட்டன. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்து, "தனியாகவா வந்தாய்?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"வீட்டில் யாராவது இருக்கிறார்களா?"

அவர் என்ன நினைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய், இல்லை, அப்படியெல்லாம் இல்லை, எனக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், இன்று அவளுக்குப் போன் செய்ய வேண்டும், கோட்டைப் பார்க்கத்தான் வந்தேன் என்று கொட்டினேன். சொல்லச் சொல்ல அது நம்பும்படியாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் மணல்புழுவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தன் காரில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, சில்லறை மாற்றித் தந்து, போன் கூண்டுக்கு வெளியே நாயோடு நின்றுகொண்டார். நான் டயல் செய்கிறேனா என்று பார்த்தபடி.

எடிசனில் அப்போது ஞாயிறு காலை. மீராதான் எடுத்தாள்.

"டாட்! கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. ஆனா..." அடுக்கிவைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. பல் இன்னும் கிட்டிக்கொண்டிருந்தது. "நான் தண்ணில விழுந்துட்டேன்."

"வாட்?"

நடந்ததைச் சொன்னேன். முழுக்கு, அலை, கண்ணாடி, நாய்த்துண்டு. நடுநடுவே அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு ஆழம்? என்ன நாய்? அந்த லேடி அடிச்சாங்களா? ஏன் மூக்கைப் பிடிச்சுட்டு உட்காரணும்? "யூ ஆர் ஸோ எம்பாரஸிங்" என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ மாதமாக அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

"அப்புறம் கண்ணாடி இல்லாம பாத்தப்ப கடல் எப்படி இருந்துச்சு?"

"கோடு தெரியல. இடப்பக்கம் பச்சை கலந்த சாம்பல். வலப்பக்கம் சிலேட்டு. நடுவுல ரெண்டும் கலங்கி இருந்துச்சு. கண்ணாடியோட பாத்தப்ப வெள்ளையா, வளைஞ்சு வளைஞ்சு. ஸ்ட்ரெய்ட்டே இல்ல."

"ஸ்ட்ரெய்ட்டே இல்ல" என்று அவள் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன். "மீரா, சம்மருக்கு என்ன முடிவு பண்ணே?"

"கேம்ப், டாட். நேத்தே அம்மாட்ட சொல்லிட்டேன். ப்ரியா போறா. எல்லாரும் போறாங்க." பிறகு அவசரமாக, "ஆர் யூ மேட்?"

"இல்லம்மா."

"பிளானோல எனக்கு யாரையும் தெரியாது, டாட். நீங்க ஆபீஸ் போயிடுவீங்க."

"கரெக்ட்தான்" என்றேன். கரெக்ட்தான். கூண்டின் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்த அம்மாளின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. நாய் உட்கார்ந்திருந்தது போலிருந்தது. அவருக்குக் கை அசைத்துக் காட்டினேன், எல்லாம் சரி என்று. அவர் போகவில்லை.

"சரிம்மா, வெச்சிடறேன். நல்லா பண்ணு."

"நோ, வெயிட்! வெக்காதீங்க. நான் இப்பவே பெயிண்ட் பண்ணப் போறேன். கலர் சரியான்னு கேக்கணும். அங்கேயே இருங்க."

டொக் என்று போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் தூரிகை கிணுகிணுத்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், பாதியில் விட்டாள், மறுபடி தொடங்கினாள். எங்கோ உள்ளே வசந்தி கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டிருக்க வேண்டும். எண்ணெயில் அது வெடிப்பது எனக்குக் கேட்டது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் காசு போட்டுக்கொண்டே நின்றேன். ஈர பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் கூண்டுத் தரையில் சின்னக் குட்டை கட்டியிருந்தது.

செருப்புச் சத்தம் நெருங்கியது. "ஏய், போன எதுக்குடி இப்படிப் போட்டு வெச்சிருக்க? லைன்ல யாராவது இருக்காங்களா?" என்றாள் வசந்தி.

"கட் பண்ணாதம்மா. அப்பா இருக்காங்க."